1992: புதுக்கோட்டையும் வாச்சாத்தியும்



என்.எஸ்.எஸ்.-ல் இருக்கிற எல்லோருக்கும் அந்த ஏழு நாள் முகாம் தெரியும். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்குவோம். கோயிலைச் சுற்றிக் கூட்டிப் பெருக்குவோம், முள்செடி வெட்டுவோம், மரக்கன்று நடுவோம், சாயங்காலம் கலை நிகழ்ச்சி நடத்துவோம். கடைசி நாளில் சிறப்பு விருந்தினர் வந்து பேசுவார். குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம். 1969-ல் காந்தி நூற்றாண்டை ஒட்டி 37 பல்கலைக்கழகங்களில் ஆரம்பித்த திட்டம் இது. நல்ல திட்டம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் மனதில் நிற்கிறது. நாம் கிளம்பி ஆறு மாதம் ஆன பிறகு அந்த ஊரில் என்ன மிச்சம் இருக்கும்? மரக்கன்றாவது இருக்குமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் "கம்யூனிட்டி ஆர்கனைசர்" என்ற சொல் கிடைத்தது. தமிழில் சமூக அமைப்பாளர் என்று எழுதுகிறார்கள். அமெரிக்காவில் சால் அலின்ஸ்கி என்பவர் 1939-ல் சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலைப் பகுதியில் ஏழைத் தொழிலாளர் குடும்பங்களைத் திரட்டி ஒரு அமைப்பு உண்டாக்கினார். அதற்குப் பிறகு இது அங்கே ஒரு தனி வேலையாகவே வளர்ந்தது. பின்னாளில் ஜனாதிபதி ஆன பராக் ஒபாமா, 1985-லிருந்து 1988 வரை அதே சிகாகோ நகரத்தில் இந்த வேலையைத்தான் பார்த்தார்.

தொண்டருக்கும் அமைப்பாளருக்கும் என்ன வித்தியாசம்? தொண்டர் நமக்காக ஒரு வேலையைச் செய்து கொடுக்கிறார். அமைப்பாளர், அந்த வேலையை நாமே சேர்ந்து செய்துகொள்ளவோ, செய்ய வேண்டியவரிடம் கேட்டு வாங்கவோ நம்மைத் தயார் செய்கிறார். எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான்.

இதற்குச் சிகாகோ வரை போக வேண்டியதில்லை. நம் தமிழ்நாட்டிலேயே, ஒரே வருடத்தில், இரண்டு இடங்களில் இது நடந்திருக்கிறது. வருடம் 1992. இடம் ஒன்று புதுக்கோட்டை. இன்னொன்று தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கத்தில் இருக்கும் வாச்சாத்தி. ஓரிடத்தில் அரசாங்கம் மக்களோடு சேர்ந்து நடந்தது. இன்னோரிடத்தில் அரசாங்கத்தின் ஆட்களே ஊரை அழித்தார்கள். இரண்டு இடங்களிலும் வெளியிலிருந்து போனவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்தால், நம்ம சின்னசேலம் பக்கத்துக்கும் ஒரு பாடம் கிடைக்கும்.

அறிவொளி வந்த கதை

முதலில் புதுக்கோட்டை. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்ற பெண்கள் 51.33 சதவீதம். அதாவது ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்க முடியாது, ரேஷன் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கைநாட்டுத்தான்.

அதற்கு முன்பும் முதியோர் கல்வித் திட்டங்கள் இருந்தன. சம்பளத்துக்கு ஒருவரைப் போட்டு, பெட்ரோமாக்ஸ் விளக்கு கொடுத்து, பெயர்ப் பதிவேடு வைத்து நடத்தினார்கள். பெரும்பாலும் பதிவேட்டில்தான் நடந்தன. 1988-ல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தை ஆரம்பித்தது. கேரளத்தில் 1962-லிருந்து இயங்கிவந்த சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் பரப்பும் அமைப்பு, "இதைத் திட்டமாகச் செய்யாமல் இயக்கமாகச் செய்து காட்டுகிறோம்" என்று எர்ணாகுளம் மாவட்டத்தில் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து இறங்கியது. 1989 ஜனவரியில் ஆரம்பித்த வேலை, 1990 பிப்ரவரியில் முடிந்து, எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. ஒரே வருடம்! அதைப் பார்த்த பிறகு பல மாநிலங்கள் அதே வழியில் இறங்கின.

தமிழ்நாட்டில் இந்த வேலையின் முதுகெலும்பாக இருந்தது 1980-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அறிவியல் இயக்கம். இயக்கத்துக்கு வைத்த பெயர் அறிவொளி. 1991-ல் புதுக்கோட்டையில் ஆரம்பித்தபோது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத்.

எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. முதல் வேலை, வீடு வீடாகக் கணக்கெடுப்பு. அந்தந்த ஊர்க்காரர்களே போய் எடுத்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய் வீதி நாடகமும் பாட்டும் நடத்தின. பிறகு ஊரில் படித்த பையன்கள், பெண்கள், வேலை கிடைக்காமல் இருந்தவர்கள், ஆசிரியர்கள் எல்லோரும் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். ஒரு தொண்டருக்குச் சுமார் பத்துப் பேர். சம்பளம் கிடையாது. கூலி வேலைக்குப் போய் வந்து, சோறு ஆக்கி முடித்த பிறகுதான் பெண்களால் வர முடியும் என்பதால் வகுப்பு ராத்திரியில். தெருவிளக்கு வெளிச்சம், வீட்டுத் திண்ணை, கோயில் வாசல், எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. மூன்று பாடநூல்கள். ஒன்று முடிந்தால் அடுத்தது.

பாடநூலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வயதுக் கூலிக்காரப் பெண்ணிடம் போய் "அம்மா, ஆடு, இலை" என்று ஆரம்பித்தால் அவருக்கு ஒரு சுவாரசியமும் இருக்காது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயர் சொன்ன வழி வேறு. படிப்பவரின் வாழ்க்கையில் கனமாக இருக்கும் சொல்லை எடு, அதைப் பற்றி முதலில் பேசு, பிறகு எழுத்தைச் சொல்லிக் கொடு என்றார் அவர். அறிவொளிப் பாடத்தில் அப்படி முன்னால் வந்த சொற்களில் ஒன்று "பட்டா". இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே ஒரு ராத்திரி முழுக்கப் பேசலாம். யாருக்குப் பட்டா இருக்கிறது? யாருக்கு இல்லை? ஏன் இல்லை? யாரிடம் போய்க் கேட்பது? "ப", "ட்", "டா" எழுதிப் பழகுவதற்குள் ஊரின் பாதிப் பிரச்சினை வெளியே வந்துவிடும்.

சைக்கிள் எப்படி வந்தது?

புதுக்கோட்டை அறிவொளி என்றால் உடனே எல்லோரும் சொல்வது சைக்கிள். எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டால் ஆணை எதிர்பார்க்காமல் போய் வரலாம் என்பதால், கலெக்டரே அதை இயக்கத்தின் பாகமாகச் சேர்த்தார். பெண்களுக்கு சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி வங்கிகளை வலியுறுத்தினார். முதலில் பழகியவர்கள் இயக்கத்தின் பெண் தொண்டர்கள். பிறகு படிக்க வந்த பெண்கள்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1996-ல் வந்த அவருடைய புத்தகத்திலும் அது இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்கிறார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்துக்குள் ஊர்வலம் வந்தார்களாம். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். சிலர் அதுதான் வசதி என்றார்களாம், முன் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே! விவசாயக் கூலிகள், குவாரித் தொழிலாளர்கள், கிராம நர்சுகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று எல்லோரும் ஓட்டினார்கள். ஆரம்பத்தில் கேலி பேசியவர்கள் நிறையப் பேர். ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் தண்ணீர்க் குடத்தையும் விற்க வேண்டிய பொருளையும் கேரியரில் கட்டிக்கொண்டு போக முடிந்தபோது கேலி தானாகக் குறைந்தது.

அதே காலத்தில் அந்த மாவட்டத்துக் கல் குவாரிகளில் கூலிக்கு உடைத்துக்கொண்டிருந்த பெண்கள், குழுவாகச் சேர்ந்து குவாரியைத் தாங்களே குத்தகைக்கு எடுத்தார்கள். அதுவரை கான்ட்ராக்டருக்குப் போன லாபம் அவர்கள் கைக்கு வந்தது. கான்ட்ராக்டர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பும் வந்தது.

1992 ஆகஸ்ட்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் படித்திருந்தார்கள்.

அப்புறம்? அப்புறம்தான் சிக்கல். அறிவிப்பு முடிந்ததும் வேகம் குறைந்தது. கலெக்டர்கள் மாறுவார்கள், அது வழக்கம்தான். நாடு முழுக்க இப்படித்தான். 1994-ல் அருண் கோஷ் தலைமையிலான நிபுணர் குழு எழுத்தறிவு இயக்கங்களை ஆராய்ந்தபோது, தொடர் வேலை இல்லாத இடங்களில் படித்தவர்கள் மறந்துவிடும் ஆபத்து இருப்பதைச் சுட்டிக்காட்டியது. பிறகு வளர்கல்வி மையங்கள் வந்தன. அவற்றில் முதல் வருடத்தின் சூடு இல்லை.

ஆனால் எழுத்து மறந்துபோன பெண்களுக்கும் சைக்கிள் மறக்கவில்லை. கையெழுத்துப் போடுவது மறக்கவில்லை. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம் என்பது மறக்கவில்லை. சேர்ந்து போனால் உள்ளே விடுவார்கள் என்பது நிச்சயம் மறக்கவில்லை. தினமும் பயன்பட்டது தங்கியது, பரீட்சைக்காகப் படித்தது போனது. (நமக்கும் அப்படித்தானே? செமஸ்டர் முடிந்ததும் எத்தனை பேப்பர் ஞாபகம் இருக்கிறது?)

ஆந்திராவில் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் நடந்தது இன்னும் ஆச்சரியம். அங்கேயும் அறிவொளி மாதிரியான இயக்கம்தான். சாராயத்தால் அழியும் குடும்பத்தைப் பற்றிய பாடத்தைப் படித்த பெண்கள், "இது நம்ம கதை அல்லவா" என்று கிளம்பிப் போய்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது ஊர் ஊராகப் பரவி, 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்யும் அளவுக்குப் போனது. பாடம் எழுதியவர்களே இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம்

சின்னசேலத்திலிருந்து வடமேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். மலைக்கு இந்தப் பக்கம் நாம். அந்தப் பக்கம் சித்தேரி மலை, அதன் அடிவாரத்தில் வாச்சாத்தி. அங்கே இருப்பவர்களும் கல்வராயன் மலையில் இருப்பவர்களைப் போல மலையாளிப் பழங்குடி மக்கள். (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். காஞ்சிபுரத்திலிருந்து மலைக்கு வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.)

1992 ஜூன் 20. புதுக்கோட்டையில் அறிவொளி வகுப்புகள் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த அதே நாட்கள். சந்தன மரத்தைப் பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் வாச்சாத்திக்குள் புகுந்தார்கள். பின்னால் வழக்கில் சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கை 269. வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர். ஊரை அடித்து நொறுக்கினார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சேலம் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தப்பித்தவர்கள் காட்டில் ஒளிந்தார்கள். ஊர் காலியானது.

வெளியே யாருக்கும் தெரியவில்லை. தெரிந்ததும் அரசுத் தரப்பில் மறுத்தார்கள். அந்த நிலையில் அங்கே போனவர்கள் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்கள். அதில் முக்கியமானவர் பெ. சண்முகம். (இவர் 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் நடந்த மாநாட்டில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.) மாதர் சங்கத்திலிருந்து மைதிலி சிவராமன் போன்றவர்கள் போய்ப் பெண்களிடம் பேசி நடந்ததைப் பதிவு செய்தார்கள். அப்போது மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் போய் விசாரித்துக் கொடுத்த அறிக்கை, மக்கள் சொன்னதை உறுதி செய்தது. 1995-ல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.-யிடம் கொடுத்தது.

அதற்குப் பிறகு எத்தனை வருடம் என்று நினைக்கிறீர்கள்? தர்மபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29 அன்று. 269 பேரில் அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. மேல்முறையீட்டில் 2023 செப்டம்பர் 29 அன்று, சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பி. வேல்முருகன் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தார். அதற்கு முன் அவரே வாச்சாத்திக்கு நேரில் போய்ப் பார்த்தார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய மனிதர்களையும் காப்பாற்ற அதிகாரிகள் இப்படி நடந்துகொண்டார்கள் என்று தீர்ப்பில் சொன்னார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார்.

1992-லிருந்து 2023 வரை 31 வருடம். இந்த 31 வருடத்தில் அடையாள அணிவகுப்பு, குறுக்கு விசாரணை, வாய்தா, மறுபடி வாய்தா. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், தங்களை அடித்தவர்களை நேருக்கு நேர் பார்த்து "இவன்தான்" என்று கைகாட்ட வேண்டியிருந்தது. வழக்கறிஞரும் சங்கமும் பக்கத்தில் நிற்கலாம். அவர்களுக்குப் பதிலாகச் சாட்சி சொல்ல முடியாது. அந்தத் தைரியம் ஊரில் இருந்ததால்தான் வழக்கு நின்றது. அது ஒரே நாளில் வந்திருக்காது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்பியதில் வந்தது.

ஒப்பிட்டுப் பார்த்தால்

புதுக்கோட்டையில் வேலை ஒரு வருடத்தில் முடிந்தது, வாச்சாத்தியில் 31 வருடம் ஆனது. அங்கே ஆயிரக்கணக்கான தொண்டர்கள், இங்கே ஒரு சில பேர். அங்கே கலெக்டர் துணை, இங்கே அதிகாரிகள் எதிரி. இத்தனை வித்தியாசம் இருந்தும் சில விஷயங்கள் பொதுவாக இருக்கின்றன.

ஒன்று, இரண்டு இடத்திலும் போனவர்கள் முதலில் கேட்டார்கள். புதுக்கோட்டையில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு, வாச்சாத்தியில் பெண்களிடம் வாக்குமூலம். ஊருக்கு என்ன தேவை என்று முன்பே முடிவு செய்துகொண்டு போகவில்லை.

இரண்டு, பேச வேண்டியதை ஊர்க்காரர்களே பேசும்படி செய்தார்கள். மனுவில் கையெழுத்தானாலும் சரி, நீதிமன்றத்தில் சாட்சியானாலும் சரி.

மூன்று, பின்னால் ஒரு அமைப்பு இருந்தது. அறிவியல் இயக்கமோ மலைவாழ் மக்கள் சங்கமோ இல்லாமல் தனி மனிதர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இவ்வளவு தூரம் இழுத்திருக்க முடியாது. அவருக்கு வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும், வேறு ஊருக்குப் போவார். அமைப்பு இருந்தால் இன்னொருவர் அந்த இடத்துக்கு வருவார்.

புதுக்கோட்டையின் பலவீனமும் இந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. அரசாங்கத்தின் தேதிக்கும் எண்ணிக்கைக்கும் இயக்கம் கட்டுப்பட்டபோது, அறிவிப்பு வந்ததும் வேலை முடிந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் அங்கே குழுவாகச் சேர்ந்து பழகிய பழக்கம் வீண் போகவில்லை. 1989-ல் தர்மபுரியில் ஆரம்பித்த மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1991-92-ல் சேலத்துக்கும் நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. 1990-களின் கடைசியில் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் பரவியது. அந்தக் குழுக்களின் ஊக்குநரும் பிரதிநிதியும் செய்வது பெரும்பாலும் இதே அமைப்பாளர் வேலைதான். வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவது, கூட்டம் போடுவது, கணக்கு எழுதுவது, பேங்கில் போய்ப் பேசுவது. நம்மில் பலருடைய அம்மாக்கள் இதைச் செய்திருக்கிறார்கள். யாரும் அவர்களைப் பெரிய பெயர் சொல்லி அழைத்ததில்லை.

நம்ம மலை

இப்போது நம் பக்கம் வருவோம். சின்னசேலம் 1993 வரை தென்னாற்காடு மாவட்டம், பிறகு விழுப்புரம், 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி. மாவட்டம் மாறிக்கொண்டே வந்தது. ஆனால் கல்வராயன் மலையின் கதை இதையெல்லாம் விட வித்தியாசம். நாடு 1947-ல் சுதந்திரம் அடைந்தது. மலை மட்டும் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்களின் கையில் இருந்தது. அது முடிவுக்கு வந்தது 1976-ல். கிருஷ்ணதேவராயர் காலத்தில் கொடுக்கப்பட்டது என்று சொல்லப்படும் அதிகாரம், இந்திரா காந்தி காலம் வரை நீடித்தது! மலை மக்கள் ஜாகிர்தாருக்கு வரியும் கொடுத்து வெட்டி வேலையும் பார்த்தார்கள். நம் தாத்தா பாட்டி ஓட்டுப் போட்டு, ரேஷன் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், இருபது முப்பது மைல் தள்ளி இப்படி ஒரு உலகம் இருந்திருக்கிறது.

இவ்வளவு தாமதமாக அரசாங்கம் வந்த இடத்தில் ரோடும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் தாமதமாகத்தானே வரும்? கல்வராயன் மலை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மேகம் அருவி தெரியும், இல்லையென்றால் கள்ளச்சாராய ரெய்டு தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை பார்த்தவர்கள். மலையில் காய்ச்சிய சரக்கு இல்லை அது, வெளியிலிருந்து வந்த ரசாயனம். ஆனாலும் அதை ஒட்டி எல்லோருடைய பார்வையும் மலை மேல் விழுந்தது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது.

நீதிமன்றம் கேட்டது நல்லது. ஆனால் 60-க்கும் மேற்பட்ட உயிர் போன பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. கருணாபுரத்திலும் சரி, மலையிலும் சரி, அதற்கு முன்பே சேர்ந்து போய்க் கேட்க ஒரு பலமான அமைப்பு ஊருக்குள் இருந்திருந்தால்? துபகுண்டாவில் கடையை மூட வைத்த பெண்களிடம் பெரிய படிப்போ பணமோ இல்லை. ராத்திரியில் உட்கார்ந்து பேச ஒரு இடமும், பேச்சை ஆரம்பித்து வைக்க ஒரு தொண்டரும் இருந்தார்கள். இழப்பீட்டுத் தொகை செத்தவரின் வீட்டுக்குப் போகும். அடுத்த பாக்கெட் தெருவுக்குள் வராமல் தடுக்க அந்தத் தெருக்காரர்கள் சேர்ந்துதான் நிற்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

31 வருடம் எல்லாம் நம்மால் முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பரீட்சை இருக்கிறது, வேலை தேட வேண்டும். ஆனால் படித்தவர் ஒருவர் மாதத்துக்கு இரண்டு நாள் ஒழுங்காகப் போய் வந்தாலே நடக்கக்கூடிய காரியங்கள் இருக்கின்றன.

2006-ல் வந்த வன உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வன நிலத்தில் உழுது பிழைத்துவரும் பழங்குடிக் குடும்பம் நான்கு ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். கோரிக்கையை வாங்குவதும் முதலில் தீர்மானிப்பதும் கிராம சபை. தாசில்தார் ஆபீஸ் வாசலில் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் விண்ணப்பம் எழுத வேண்டும், ஆதாரம் சேர்க்க வேண்டும், ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்க வேண்டும், கிராம சபையில் தீர்மானம் போட வைக்க வேண்டும். இதில் எந்த வேலை கல்லூரி மாணவருக்குக் கஷ்டம்? அறிவொளிக்காரர்கள் "பட்டா" என்று எழுதச் சொல்லிக் கொடுத்த வேலையின் அடுத்த பாடம்தான் இது.

இன்னொன்று, 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணத்தில், உங்கள் ஊர்ச் சாலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவு செய்தார்கள் என்று கேட்கலாம். மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழு. அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. பலருக்கு அது தெரியாது. 2021 அக்டோபரில் நம் பக்கத்து விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஆரம்பித்தபோது, சாயங்கால வகுப்பெடுக்க ஊர்ப் பெண்கள் ஏராளமாக முன்வந்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய்தான் ஊக்கத்தொகை. ஆட்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வகுப்பெடுத்த அந்தப் பெண்கள் ஊரின் தண்ணீர்க் குழாயைப் பற்றியும் கூட்டம் போட ஆரம்பித்தால் அவர்களே அமைப்பாளர்கள்.

என்.எஸ்.எஸ். முகாமிலும் இதைச் செய்ய முடியும். ஏழு நாளும் கோயிலைக் கூட்டாமல், இரண்டு நாள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கலாம். யாருக்கு சாதிச் சான்றிதழ் இல்லை, யாருக்கு முதியோர் பென்ஷன் நின்றுபோனது, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று எழுதலாம். அந்தப் பட்டியலைக் கையோடு எடுத்து வந்துவிடாமல், ஒரு பிரதியை ஊர்ப் பெண்கள் குழுவிடம் கொடுத்து, அடுத்த கிராம சபையில் அவர்களையே வாசிக்கச் சொல்லலாம். அடுத்த வருடம் வேறு ஊருக்குப் போகாமல் அதே ஊருக்குப் போய், எத்தனை தீர்ந்தது என்று பார்க்கலாம்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை நடக்கும். 2022-ல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்க்கப்பட்டன. சின்னசேலம் பேரூராட்சி என்பதால் நமக்கு இங்கே கிராம சபை கிடையாது. சுற்றியிருக்கும் ஊர்களிலிருந்து வரும் நண்பர்களுக்கு உண்டு. வருகிற கிராம சபைக்கு ஒருமுறை போய், கடைசிவரை உட்கார்ந்து, யார் பேசுகிறார்கள், யார் வாயே திறக்கவில்லை என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். வாய் திறக்காதவர்கள் வீட்டுக்கு அடுத்த வாரம் போகலாம்.